கடைசி ஸ்டாப் கோடியக்கரை

டவுன் பஸ்ஸில் போய், காலால் பார்க்க வேண்டிய ஒரு கடற்கரைக் காடு

வரைபடத்தில் கிழக்குக் கடற்கரை மீது விரல் வைத்துத் தெற்கே தடவிக்கொண்டு வாருங்கள். கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் என்று இறங்கி வரும் கோடு, வேதாரண்யம் தாண்டியதும் சட்டென்று மேற்கே மடங்கும். அந்த மடிப்புதான் கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கில் ஒரு மீனவ ஊர், ஒரு காடு, மேற்கே முத்துப்பேட்டை வரை விரியும் ஒரு பெரிய சதுப்பு. வெளிமான்களுக்காக 1967-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-ல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் மற்றவையும் 2022-ல் வந்து சேரும்வரை, இருபது வருஷம் தமிழ்நாட்டுக்கு இருந்த ஒரே ராம்சார் தலம் இதுதான்.

இவ்வளவு பெருமை உள்ள இடத்துக்கு டவுன் பஸ் போகிறது. அதுவும் காட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, மிச்சத்தை ஆட்டோக்காரரிடம் ஒப்படைக்கிற பஸ் இல்லை. காட்டுக்குள்ளேயே ஓடி, கடல் தெரிகிற இடத்தில் நிற்கிற பஸ்.

சரணாலயம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மலை, கொண்டை ஊசி வளைவு, வாடகை ஜீப், அதற்கொரு பேரம். கோடியக்கரையில் ஏறுவதற்கு ஒன்றுமே கிடையாது. முழுக்கச் சமதரை. அதனாலேயே கார்காரர்கள் ஏமாந்து போகிறார்கள். காலையில் வருவார்கள், கண்ணாடியை இறக்கி நாலு மானைப் படம் பிடிப்பார்கள், கரையில் பத்து நிமிஷம் நிற்பார்கள், ‘இவ்வளவுதானா?’ என்று வேளாங்கண்ணிக்குத் திரும்புவார்கள். இங்கே பார்க்க வேண்டியது எல்லாமே முழங்காலுக்குக் கீழே இருக்கிறது; சேற்றில், மணலில், புல்லில். அது கார் ஜன்னலில் தெரியாது. பஸ்ஸில் போய் இறங்கி நடப்பதுதான் கோடியக்கரைக்குச் சரியான வழி என்பது என் கட்சி. சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை, செலவு குறைவது கூடுதல் லாபம்.

போகும் வழியே பாதி ஊர்

வேதாரண்யம் வரைக்கும் வருவது சிரமமில்லை. நாகையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு, தோப்புத்துறை என்று பஸ் வரும். தஞ்சாவூர், மன்னார்குடி பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் திருத்துறைப்பூண்டி வழி. ரயில் பிடித்தவர்கள் திருத்துறைப்பூண்டியில் மாறி அகஸ்தியம்பள்ளி வரை ரயிலிலேயே வரலாம். 37 கிலோமீட்டர் கொண்ட அந்தக் கிளைப்பாதை அகலப்பாதையாகி 2023 ஏப்ரல் 8 அன்று மறுபடி திறந்தது. மீட்டர்கேஜ் காலத்தில் இந்த ரயில் கோடியக்கரை வரைக்குமே போய்க்கொண்டிருந்தது. இப்போது அகஸ்தியம்பள்ளியோடு நின்றுகொள்கிறது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வேதாரண்யத்தில் ஒரு மணி நேரம் கையில் இருந்தால் கோயிலுக்குள் போய் வரலாம். திருவாரூருக்குத் தேரழகு என்பதுபோல வேதாரண்யத்துக்கு விளக்கழகு என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். அணையப்போன விளக்கின் திரியை நெய் குடிக்க வந்த எலி தூண்டிவிட்டு, அந்தப் புண்ணியத்தில் மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியானது இந்தக் கோயிலில்தான் என்பார்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிக் கதவு திறந்ததும், அடைத்ததும் இங்கேதான்.

பிறகு பஸ் நிலையம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினதும் கண்டக்டர் முதலில் கேட்பது, “கோடியக்காடா, கோடியக்கரையா?” இரண்டும் வேறு வேறு ஊர். கோடியக்காடு முன்னால் வரும். காடு அங்கே தொடங்கும். கோடியக்கரை கடைசி. வெளியூர்க்காரர்கள் மாற்றிச் சொல்லி, மாற்றி இறங்குவது தினமும் நடக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தென்றால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அலுமினிய அன்னக்கூடையோடு வரும் மீன்கார அம்மாக்களும், பை நிறையக் காய்கறி வாங்கித் திரும்புகிறவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் பஸ்ஸில் பெரும்பாலும். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினால், “பறவ பாக்க வந்தீங்களா? இந்த வருஷம் மழ தாமசம். இன்னும் அவ்வளவா வரல” என்று பக்கத்து சீட்டு அக்கா சொல்லிவிடுவார். எந்தச் செயலியும் இவ்வளவு பொருத்தமான தகவலைத் தந்ததில்லை.

ஊர் முடிந்ததும் இரு பக்கமும் உப்பளம். வரப்பு கட்டின பாத்திகள், கண் கூசும் வெள்ளை, ஆங்காங்கே ஓலை வேய்ந்து மூடிய உப்புக் குவியல்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்புக்குப் பேர்போன மண் இது. அகஸ்தியம்பள்ளியில் 1930 ஏப்ரல் 30 அன்று உப்புச் சத்தியாகிரகத்தில் ராஜாஜி உப்பெடுத்துக் கைதான இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. நடைப்பயணம் பற்றிய கட்டுரையில் இதைத் தாண்டிப் போக முடியாது. ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பினவர்கள், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்தே 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் தண்டோரா போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் ஏற்பாடுகளைச் சுமந்தவர் வேதரத்தினம் பிள்ளை. நாமக்கல் கவிஞர் ‘கத்தியின்றி’ பாட்டை எழுதிக் கொடுத்தது இந்த நடைக்காகத்தான். அவர்கள் நடந்த கடைசிக் கட்டம், இன்றைக்கு ரயில் ஓடுகிற அதே திருத்துறைப்பூண்டி–வேதாரண்யம் வழி. ஏப்ரல் வெயிலில் அந்தத் திசையில் அரை மணி நேரம் நடந்து பார்த்தாலே அவர்கள் மேல் மரியாதை கூடிவிடும்.

காட்டுக்குள் ரோடு

எனக்குப் பிடித்தது கோடியக்காட்டில் இறங்கிக்கொள்வது. அங்கே குழகர் கோயில் இருக்கிறது. சுந்தரர் பதிகம் பெற்ற தலம். கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில் துணைக்கு ஆளில்லாமல் இப்படித் தனியே இருக்கிறாயே என்று சாமியைப் பார்த்து அவர் அங்கலாய்த்தார். ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே இது ஒதுக்குப்புறமான காட்டுக்கரை என்பதற்கு அந்தப் பதிகம் ஒரு சாட்சி.

காட்டுக்குள் இஷ்டத்துக்கு இறங்கி நடக்க முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியோடுதான் நுழைய வேண்டும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டு, கட்டணம் கட்டி, எந்தப் பாதையில் கால்நடையாகப் போகலாம், கூட ஆள் வர வேண்டுமா என்று தெரிந்துகொண்டு போங்கள். பறவை சீசனில் ஒரு விதி, இனப்பெருக்கக் காலத்தில் ஒரு விதி, புயலுக்குப் பிறகு ஒரு விதி என்று மாறும். காவலரிடம் பத்து நிமிஷம் நின்று பேசுவது நஷ்டமில்லை. எங்கே தண்ணீர் நிற்கிறது, நேற்று நரி எங்கே திரிந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இந்தக் காட்டை ‘உலர் பசுமைமாறாக் காடு’ என்று தாவரவியல்காரர்கள் வகைப்படுத்துவார்கள். சோழமண்டலக் கரையில் ஒருகாலத்தில் நீளத்துக்கு இருந்தது. இப்போது கோயில்காடுகளாகவும் துண்டுதுண்டாகவும் மிச்சம். இங்கே கொஞ்சம் பெரிய துண்டு தப்பியிருக்கிறது. மரங்கள் உயரமில்லை. கடற்காற்று கொம்புகளைச் சீவிச் சீவி, மேலே ஒரே மட்டமாக்கி வைத்திருக்கிறது. உள்ளே நுழைந்தால் வெளியிலிருந்த வெயில் பாதி ஆகிவிடும்.

இங்கே மரங்களில் முதல் மரியாதை பாலைக்கு. உலக்கைக்கு ஆகிற மரம் என்பதால் உலக்கைப் பாலை என்றும் பெயர். கோடையில் பொடிப் பொடியாக மஞ்சள் பழம் பழுக்கும். தித்திப்பான தித்திப்பு, ஆனால் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. யாழ்ப்பாணத்துக்காரர்களிடமும் வன்னிக்காரர்களிடமும் பாலைப்பழம் என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் பள்ளிக்கூடக் காலத்துக்குப் போய்விடுவார்கள். நீரிணையின் இரண்டு கரையிலும் ஒரே மரம். பாலைக்குக் கீழே உகாய், காரை, கிளா என்று புதர்கள். உகாய்க் குச்சியைக் கடித்தால் கடுகு தின்ற காரம். மிஸ்வாக் என்று கடையில் விற்கிற பல்குச்சி இந்தச் செடியின் வேரும் கொம்பும்தான். (சரணாலயத்துக்குள் ஒடிக்கக் கூடாது. ஊருக்குள் கிடைக்கும்.)

பாலைக்கு எதிரி சீமைக் கருவேலம். நெற்றை மான் தின்னும், குதிரை தின்னும், மாடு தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைக்கும். தின்கிறவையே விதைக்கிறவை. வனத்துறை வெட்டி எடுத்துக்கொண்டே இருக்கிறது. அது முளைத்துக்கொண்டே இருக்கிறது. நடக்கிறவருக்கு இந்தச் சண்டை நன்றாகத் தெரியும். சில இடத்தில் புல்வெளி, பத்தடி தள்ளி முள்காடு, மறுபடி புல்வெளி.

வெளிமானுக்கு வெளி வேண்டும்

கருவேலம் எதற்கு இவ்வளவு பெரிய பிரச்சினை என்று கேட்டால், அதற்குப் பதில் மானிடம் இருக்கிறது. புள்ளிமான் மரத்தடி விலங்கு. ஆபத்து வந்தால் புதருக்குள் மறையும். வெளிமானுக்கு மறையத் தெரியாது. அதன் பாதுகாப்பு கண்ணும் காலும். தூரத்திலேயே ஆபத்தைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் ஓட வேண்டும். அதற்குத் திறந்த வெளி தேவை. முள்காடு ஒரு அடி முன்னால் வந்தால் மானுக்கு ஒரு அடி குறைகிறது.

காரில் போனால் மான் தெரியாது என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே தெரியும். கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, முறுக்கின கொம்போடு கடா. மஞ்சள் கலந்த பழுப்பில் பெட்டைகள். படம் எடுக்க அருமை. ஆனால் நடந்து போகிறவருக்கு வேறொன்று கிடைக்கும். பாதையோரம் புல் மழிந்து போன ஒரு வட்டம், அதில் புழுக்கைக் குவியல். ஒரு நாள் புழுக்கை இல்லை அது. காய்ந்து வெளுத்தது அடியில், பழுப்பானது அதன்மேல், இன்று காலை போட்டது பளபளவென்று உச்சியில். கடா தினமும் அதே இடத்துக்கு வந்து போடும்; ‘இது என் எல்லை’ என்பதற்கு அது நட்டு வைத்த கல். கண்ணுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியைப் பக்கத்துப் புல் நுனியிலும் குச்சியிலும் தேய்த்து வாசனை பூசும். குனிந்து பார்த்தால் அந்தக் குச்சி நுனியில் கறுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். ஒரு எல்லைக் குவியலைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்தது எங்கே இருக்கும் என்று கால் தானாகத் தேடும். நாலைந்து கிடைத்ததும் புல்வெளிக்குள் இதுவரை தெரியாத வேலிகள் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொரு பக்கம் குதிரைகள் மேயும். இவை காட்டுக்குதிரை அல்ல. யாரோ எப்போதோ வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள். தலைமுறைகளாக மனிதர் கைபடாமல் வாழ்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் மான் மேயும் புல்லைத்தான் குதிரையும் மேய்கிறது, கோடையில் மான் குடிக்கும் தண்ணீரைத்தான் அதுவும் குடிக்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைக்கும். அங்கே யார் முதலில் வருவார்கள் என்பது உடம்பின் அளவைப் பொறுத்தது. குதிரையை வெளியேற்றணும் என்பாரும் உண்டு, அதுவும் இந்த மண்ணின் ஜீவன்தானே என்பாரும் உண்டு. மானுக்காக ஏற்பட்ட சரணாலயத்தில் மான் பக்கம் நிற்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

காட்டுக்குள் பிரியும் ஒரு பாதையில் ராமர் பாதம். சரணாலயத்திலேயே உயரமான இடம் அதுதான். உயரம் என்றால் ஒரு மணல்மேடு, அவ்வளவே. கல்லில் இரு பாதங்கள், சின்ன மண்டபம். இலங்கையை ராமர் இங்கே நின்று பார்த்தார் என்பது நம்பிக்கை. மேட்டில் நின்றால் நாலு பக்கமும் காட்டின் தலை ஒரே சமமாகத் தெரியும். இந்த நிலம் எவ்வளவு தாழ்வானது என்பதும் அப்போதுதான் புரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், இரண்டும் இந்தச் சமதரை மேல்தான் ஏறி வந்தன. கஜாவில் மரங்கள் சாய்ந்தது போக, மான்கள் அடித்துச் செல்லப்பட்டு அவற்றின் உடல்கள் காரைக்கால் வரைக்கும் கரையொதுங்கின. ஓட வெளி இருந்தது. ஏறி நிற்க மேடு இல்லை.

கரையோரம்

கோடியக்கரை ஊருக்குள் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வந்தால் கரை ஒரு தற்காலிக நகரமாக இருக்கும். நாகை, காரைக்கால், இன்னும் தூரத்து மீனவ ஊர்களிலிருந்து குடும்பத்தோடு வந்து, கீற்றுக் கொட்டகை போட்டு, சீசன் முடியும் வரை இங்கேயே தங்கித் தொழில் செய்வார்கள். காலா, வாவல், நண்டு, இறால் என்று ஏலம் போகும். விலை போகாதது மணலில் கருவாடாகக் காயும். ஏலத்துக்கு நடுவே கேமராவை நீட்டாதீர்கள். அவர்களுக்கு அது வேலை நேரம். ஒரு பெரியவரிடம், “அய்யா, இந்தப் பக்கமா கரையோரமாவே போலாமா?” என்று கேட்டேன். வலையிலிருந்து கையை எடுக்காமலே, “போலாம். மணலு கறுக்கற எடத்துல திரும்பிடணும். அதுக்கு மேல சேறு” என்றார். கரையில் நடக்க இதைவிடத் தெளிவான வழிகாட்டி தேவையில்லை.

கிழக்குப் பார்த்த கரையில் அலை உண்டு, மணல் உண்டு. முனையைச் சுற்றி மேற்கே திரும்பத் திரும்ப அலை சோர்ந்து, மணல் மெலிந்து, களி தலைகாட்டும். சில நூறு அடிக்குள் கடலின் குணமே மாறிப்போவதைக் கால் உணரும். மணல்மேட்டில் இராவணன் மீசை முள்பந்தாகக் கிடக்கும். காற்றடித்தால் அந்தப் பந்து கழன்று, நுனிகளால் நடக்கிற மாதிரி உருண்டு ஓடும். ஓடுகிற வழியில் விதையைச் சிந்திக்கொண்டே போகும். செருப்பில்லாத கால் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். அதையடுத்து அடும்பு. ஆட்டுக் குளம்பு போல் பிளந்த இலை, ஊதா கலந்த சிவப்புப் பூ. மணலைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்து வைக்கிற வேலையை இந்த இரண்டும் செய்கின்றன. கரையோர நிலத்துக்கு இவை போடுகிற வேலியை எந்தக் கல்சுவரும் போடாது.

தை, மாசியில் இரவில் பங்குனி ஆமை முட்டையிட வரும். நடமாட்டத்தாலும் நாய், நரியாலும் முட்டை அழிவதால், வனத்துறை அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சானதும் கடலில் விடுகிறது. காலையில் நடந்தால் மணலில் ஆமை ஏறி இறங்கிய தடம் தெரியலாம். நடுவில் உடம்பு இழுபட்ட பட்டை, இரண்டு பக்கமும் துடுப்பு அடித்த குழிகள். தடத்தின் மேல் நடக்காமல் தள்ளிப் போங்கள். கணக்கெடுக்க வருகிறவர்கள் அதைத்தான் தேடி வருவார்கள்.

கரையில் இன்னொரு கூட்டத்தையும் பார்க்கலாம். 1950-ல் கல்கி தொடராக ஆரம்பித்த ‘பொன்னியின் செல்வ’னில் பூங்குழலி படகு விட்ட இடம் இது. 2022-ல் படம் வந்த பிறகு கலங்கரை விளக்கத்தைத் தேடி வருகிறவர்கள் அதிகம். தேடி வந்தவர்கள் எதிரே இருப்பதைப் பார்த்து நின்றுவிடுவார்கள்: செங்கல்லும் சாந்துமாக ஒரு மொட்டை இடிபாடு. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் அந்த விளக்கில் காலம் விட்டு வைத்ததைச் சுனாமி உடைத்துப் போட்டது. வெள்ளைக்காரர் காலத்து விளக்கும், புதிதாகக் கட்டின உயரமான விளக்கும் தனியே இருக்கின்றன; செல்ஃபிக்கு அவைதான் ஒத்துழைக்கும். நாவலைப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். பூங்குழலியைத் துரத்தி ஓடிய வந்தியத்தேவன் இந்தக் காட்டுச் சேற்றுக் குழியில்தான் மாட்டிக்கொண்டான். கல்கி அதைக் கற்பனையில் எழுதினார், களி நிஜம். மேலே காய்ந்து வெடித்து உப்புப் பூத்து கெட்டியாகத் தெரியும். ஒரு எட்டு வைத்தால் முழங்கால் வரை இறங்கும். சதுப்பில் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பதற்கு வனத்துறையின் பலகையைவிட அந்த அத்தியாயம் நல்ல எச்சரிக்கை.

முப்பது கிராம் விருந்தாளி

பறவைக்காக வருகிறவர்கள் அதிகம் கேட்பது பூநாரையை. ஊருக்கு மேற்கே சதுப்பிலும் உப்பளப் பக்கத்து நீர்நிலைகளிலும் கூட்டமாக நிற்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றை வடிகட்டிப் பொடி உயிர்களைத் தின்னும். உப்பு ஏறின தண்ணீரில் வளரும் சிற்றிறால்தான் அதற்கு விருந்து. வர்ணநாரை, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து, ஆலா எல்லாம் வரும். ஆனால் என்னைக் கேட்டால் கொசு உள்ளானைப் பார்க்கச் சொல்வேன்.

பேரைப் போலவே பொடி. எடை முப்பது கிராம்கூட வராது. சேறும் தண்ணீரும் சந்திக்கும் ஓரத்தில் நூற்றுக்கணக்கில் ஓடும், குத்தும், ஓடும். ஒரு பருந்து நிழல் பட்டால் மொத்தமும் ஒரே துணியை உதறின மாதிரி எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே ஓரத்தில் இறங்கும். இவ்வளவு பொடிசு சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு, குளிருக்கு இங்கே வருகிறது. இந்தப் போக்குவரத்தைக் கணக்கெடுக்கத்தான் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் கோடியக்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுவது முறை. வேறொரு நாட்டில் அந்த வளையம் கிடைத்தால் வழி தெரிந்துவிடும். கழகத்தின் ஆய்வு நிலையம் இன்றும் இங்கே இருக்கிறது. உலகத்தில் சில நூறுகள்தான் எஞ்சியிருக்கின்றன என்று அஞ்சப்படும் கரண்டி மூக்கு உள்ளானையும் இந்தச் சேற்றில் முன்பு பதிவு செய்திருக்கிறார்கள்.

உள்ளானைப் பார்க்கப் பொறுமை வேண்டும், அதைவிட முக்கியம் வண்டிச் சத்தம் இருக்கக் கூடாது. வரப்போரம் அசையாமல் குந்தியிருந்தால் கால் மணி நேரத்தில் அதுவே பத்தடிக்கு வந்து மேயும். கதவைப் படாரென்று சாத்தி இறங்கினால் மறுநாள்தான்.

பஸ் இன்னும் வேண்டும்

ரயில் அகஸ்தியம்பள்ளியோடு நிற்பது நல்லது என்று சொன்னதன் காரணம் இதுதான். ரயில்பாதை முனை வரை வந்தால் பின்னாலேயே விடுதி வரும், கடை வரும், வண்டி நிறுத்துமிடம் வரும். ஊருக்குப் போகும் ரோடு காட்டைக் கிழித்துக்கொண்டுதான் போகிறது. அதில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் மானுக்கு ஒரு அபாயம். ஐம்பது பேரைக் கொண்டுவர ஒரு பஸ் போதும். அதே ஐம்பது பேர் காரில் வந்தால் பத்துப் பன்னிரண்டு வண்டி, பத்துப் பன்னிரண்டு ஹாரன், குரங்குக்கு நீட்டுகிற பத்துப் பன்னிரண்டு பிஸ்கட் பாக்கெட். ரோட்டோரக் குரங்குகள் இப்போதே கார் சத்தத்துக்குத்தான் எழுந்து வருகின்றன. பஸ்ஸை அவை சட்டை செய்வதில்லை. பஸ் டிரைவருக்கு மான் எங்கே குறுக்கே பாயும் என்பது அத்துப்படி. அந்த இடத்தில் தானாகவே வேகம் குறையும்.

ஆகவே இந்தச் சரணாலயத்துக்குச் செலவு செய்ய நினைக்கிறவர்கள் செய்ய வேண்டியது எளிது. ரயில் வரும் நேரத்துக்கு அகஸ்தியம்பள்ளியில் ஒரு பஸ் காத்திருக்கட்டும். பறவை சீசனில் விடியற்காலை கோடியக்கரையில் போய் நிற்கிறபடி ஒரு நடை கூடுதலாக விடட்டும்; வெயில் ஏறின பிறகு போய் இறங்கினால் பாதிப் பறவையும் அடங்கிவிடும். நேர அட்டவணையைப் பஸ் நிலையத்தில் மட்டுமல்லாமல் கோடியக்கரை முனையிலும் எழுதி வைக்கட்டும். கோடியக்காட்டிலிருந்து கரை வரை ரோட்டோரமாக ஒரு நடைபாதை, நிழலில் இரண்டு மூன்று தண்ணீர்க் குழாய். வெளிச்சம் போட வேண்டாம், வளைவு கட்ட வேண்டாம், பூநாரைச் சிலையும் வேண்டாம்.

இப்போதைக்குப் போகிறவர்களுக்கு: கார்த்திகை மழை ஓய்ந்து மாசி முடிகிற வரை நல்ல காலம். சித்திரைக்கு மேல் போனால் பாலைப்பழம் கிடைக்கும், பறவை கிடைக்காது, வெயில் மண்டையைப் பிளக்கும். முதல் நாள் இரவு வேதாரண்யத்தில் தங்கி, காலையில் முதல் பஸ்ஸைப் பிடிப்பது உத்தமம். வனத்துறையின் பூநாரை இல்லத்தில் முன்பே சொல்லி வைத்து இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. குடிதண்ணீர் நிறையக் கொண்டு போங்கள். காட்டுக்குள் கடை கிடையாது. காலை மூடும் செருப்பு, தொப்பி, வெளிர் நிறத்தில் சட்டை. கொண்டு போன பிளாஸ்டிக்கை அதே பையில் திரும்பக் கொண்டு வாருங்கள். இறங்கும்போதே கண்டக்டரிடம், “அண்ணே, திரும்ப வண்டி எத்தன மணிக்கு? கடைசி எது?” என்று கேட்டுவிடுங்கள். நடுப்பகலில் இடைவெளி நீளும். கடைசி பஸ்ஸை விட்டவருக்கு ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டு நாளும் இங்கே ஆதிசேது தீர்த்தத்தில் குளிக்க ஜனம் திரண்டு வரும். சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் அன்றைக்கு வரட்டும். மான் பார்க்க வருகிறவர்கள் அதற்கு நாலு நாள் தள்ளி வாருங்கள்.